கீர்த்தனாவின் டிரங்குப் பெட்டி

போன செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன். நகரியிலிருந்து முனிரத்தினம். பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது அங்கே பவர்லூம் ஓட்டுகிறான்.

"டேய், நான் பஸ் ஏறிட்டேன். நீ திருப்பதி பஸ் ஸ்டாண்டாண்ட வந்து நில்லு. கீர்த்தனா பெட்டியில புகையிலை பாக்கெட் கீதாம். பொண்ண இட்டுக்கினு போயிடுன்றாங்க வார்டன்."

கீர்த்தனா அவன் மகள். இங்கே ஒரு ஹாஸ்டலில் தங்கி இன்டர் முதல் வருஷம், அதாவது பதினோராம் வகுப்பு, படிக்கிறாள். அவர்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். இந்த சீட் போனால் நேராக வீடு. அப்புறம் தறி, இல்லாவிட்டால் கல்யாணம்.

ஆட்டோவில் போகும் வழியெல்லாம் முனிரத்தினம் பெட்டிக்கடைக்காரர்களைத் திட்டினான். கெட்ட சேர்க்கையைத் திட்டினான். செல்போனைத் திட்டினான். ஹாஸ்டலில் செல்போனே கிடையாதே என்றதும் என்னைத் திட்டினான். இத்தனைக்கும் அவன் கன்னம் ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்தது... பதற்றத்தில் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டானாம்.

நானும் சேர்ந்து திட்டினேன். பள்ளிக்கூட வாசல் கடைகளைப் பற்றி இதே பத்திரிகைப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதிப் பொங்கியிருக்கிறேன்? கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா?

வார்டன் மேடம் பாக்கெட்டுகளை மேஜை மேல் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். பதினொன்று. பக்கத்தில் கீர்த்தனா, தரையைப் பார்த்தபடி.

"இவ்ளோ எதுக்கும்மா? மத்த பொண்ணுங்களுக்கு விக்கிறியா?"

"இல்ல மேடம். எல்லாம் எங்க நைனாவோடது."

முனிரத்தினம் நாற்காலியில் நிமிர்ந்தான். "என்னுதா?"

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் மகளைப் பார்க்க வருவான். மகள் எதிரில் புகையிலை சட்டைப் பையில் தெரியக் கூடாதாம்... மரியாதை! அதனால் தின்பண்டப் பையில், முறுக்குக்கு அடியில் செருகி, பையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு வாய் கொப்புளிக்கப் போவான். அந்த இரண்டு நிமிஷம் அவளுக்குப் போதும். முறுக்கோடு பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். திரும்பும்போது பஸ்ஸில் பையைத் துழாவுவான். எவனோ அடித்துவிட்டான் என்று கண்டக்டரோடு சண்டை போடுவான். புகையிலை மட்டும் எடுக்கிற ஒரு திருடன் நகரி பஸ்ஸில் இருப்பதாக இத்தனை மாசமும் நம்பியிருக்கிறான் அந்த அப்பாவி.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வார்டனே வாயைப் பொத்திக்கொண்டார்.

"எடுத்தியே, தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"குப்பைத் தொட்டியில கெடச்சா ரூம்ல கீற எல்லாரையும் வெளிய அனுப்புவீங்க மேடம். அதான் லீவுக்குப் போறப்ப எடுத்துக்கினு போலாம்னு வெச்சேன்."

"சரி. நீ எப்பவாவது வாயில போட்டிருக்கியா?"

அவள் மேஜை மேலிருந்த பாக்கெட்டுகளைப் பார்த்தாள்.

"ஒரு தபா."

சிரிப்பு நின்றுபோனது.

"எந்தக் கடையில வாங்கின?"

"கடைக்கே போவல மேடம். பத்தாவது பரீட்சைக்குப் படிக்கறப்போ தூக்கம் தூக்கமா வந்துச்சு. இது போட்டாதான் நைட் ஷிப்டுல தூக்கம் வராதுன்னு நைனா எங்கம்மாகிட்ட எப்பவும் சொல்லும். ஆணியில மாட்டியிருந்த சட்டையிலேருந்து எடுத்துப் போட்டுக்கினேன். தலை சுத்தி வாந்தி வந்துச்சு. பித்தம்னு எங்கம்மா எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடுத்தாங்க."

பாருங்கள்... ஆட்டோவில் நாங்கள் திட்டிய ஒருவருக்கும் இதில் சம்பந்தமில்லை. பிள்ளைகளை உட்காரவைத்து நாம் புத்தி சொன்னால் அது காதில் ஏறுவதில்லை. சட்டையைக் கழற்றிக்கொண்டே மனைவியிடம் ஏதோ சொல்கிறோமே, அதை எழுத்து விடாமல் கேட்டுக்கொள்கிறார்கள். 'தலைவலி மாத்திரை இல்லாமல் எனக்கு ஒரு வரி ஓடாது' என்று வாராவாரம் வீட்டில் அலறுகிறவன் நான். என் பையன் அதிலிருந்து என்ன படித்து வைத்திருக்கிறானோ?

முனிரத்தினம் எழுந்து வெளியே போனான். ஜன்னல் வழியே பார்த்தேன். துப்பிவிட்டு, குழாயடியில் குனிந்து வெகுநேரம் வாய் கொப்புளித்தான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"தப்பு என்னுது மேடம். புள்ளைய அனுப்பிடாதீங்க."

வார்டன் டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்தார். இங்கே ஹாஸ்டல்களில் ஒரு வழக்கம் உண்டு. தப்பு செய்த பிள்ளை, 'இனிமேல் செய்ய மாட்டேன்' என்று கைப்பட எழுதித் தர வேண்டும். கீழே பெற்றோர் கையெழுத்து. கீர்த்தனா பேனாவுக்குக் கை நீட்டினாள். மேடமோ தாளை அவள் அப்பா பக்கம் தள்ளி, பேனாவையும் மேலே வைத்தார்.

"ராயண்டி" என்றார் தெலுங்கில், எழுதுங்கள் என்று.

"நானா எழுதணும்? எந்த பாஷையில மேடம்?"

"எதுலயாவது எழுதுங்க. உங்க பொண்ணுக்குப் புரிஞ்சா போதும்."

நாக்கைத் துருத்திக்கொண்டு தமிழில் எழுதினான், இனிமேல் புகையிலையைத் தொட மாட்டேன் என்று. பெற்றோர் என்று அச்சடித்திருந்த இடத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனபோது மகள் அவன் கையைப் பிடித்தாள்.

"அது என் எடம் நைனா."

கையெழுத்துப் போட்டாள். வார்டன் சிரிக்காமல் சீல் குத்தினார். கீர்த்தனா வகுப்புக்குப் போனாள். எனக்கு அந்த இடத்திலேயே கை தட்ட வேண்டும் போல இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் முனிரத்தினம் வந்திருந்தான். கேட்டில் மற்ற அப்பா அம்மாக்களும் வரிசையில் நிற்கிறார்கள். கீர்த்தனா பையை வாங்கவில்லை. "மொதல்ல வாயத் தெற நைனா. நாக்கத் தூக்கு" என்றாளாம். நாற்பத்தைந்து வயது ஆள், ஊர் பார்க்க 'ஆ' காட்டியிருக்கிறான்.

"வெட்கமா இல்லியாடா?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னாடா வெக்கம்? பின்னாடி நின்னுக்கினு இருந்த பொண்ணு அவங்க அப்பாவத் திரும்பிப் பாத்துச்சு. அந்தாளு வாயை இறுக்கி மூடிக்கினாரு."