சூளகிரியில் ஒரு மதியச் சாப்பாடு

சூளகிரி நெடுஞ்சாலை ஓட்டலில் எங்கள் பஸ் நிற்கிறது. பஸ்ஸின் பக்கவாட்டில் 'நாம் அனைவரும் உலகக் குடிமக்கள்' என்று பேனர். மாணவர் பரிமாற்றத்துக்கு வந்த ஜெர்மனி மாணவர்களும், அவர்களோடு ஒரு வாரமாகப் பழகும் நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் சிரித்தபடி இறங்குகிறார்கள். நான் மொழிபெயர்க்க உடன் வந்தவன்.

வாசலில் பயண ஏற்பாட்டாளர் கையை நீட்டி நம் பிள்ளைகளை மறிக்கிறார். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஏ.சி. அறையாம். நம் பிள்ளைகளுக்கு வெயிலில், லாரிகளுக்குப் பக்கத்தில், புளிசாதப் பொட்டலம். நான் நேராக அவரிடம் போய்க் கேட்கிறேன்.

"என்ன சார் நியாயம் இது?"

"அவங்க கெஸ்ட் சார். நம்ம பசங்க அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க" என்கிறார், கூச்சமே இல்லாமல்.

ராயக்கோட்டை தக்காளி வியாபாரியின் மகள் ஷபானா பொட்டலத்தைப் பிரிக்காமல் நிற்கிறாள். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கிறேன். ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்திருக்கும் ஜெர்மனித் தோழியைக் கண்ணாடி வழியே காட்டுகிறாள்.

"லீனா எங்க வீட்லதான் சார் தங்குனா. ஒரே தட்டுல சாப்பிட்டோம். இப்ப மட்டும் நான் வெளிய நிக்கணுமா?"

பொட்டலத்தை ஏற்பாட்டாளர் கையிலேயே கொடுத்துவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறாள். மற்ற பிள்ளைகளும் பின்னாலேயே போகிறார்கள். லீனா நகர்ந்து இடம் விடுகிறாள். ஷபானா உட்கார்ந்து, பரிமாறுபவரை நிமிர்ந்து பார்க்கிறாள்.

"அண்ணா, எங்களுக்கும் இலை போடுங்க."