சேறு தேடிய மார்கழி

ஏரி நிறைந்துவிட்டது என்று ஊரே சந்தோஷப்பட்ட மார்கழியில் நான் ஒருத்தி மட்டும் கரையில் நின்று எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன். உபரித் தண்ணீர் வழிந்து ஏரி கோடி போன அன்று ஆடு வெட்டிப் பொங்கல் வைத்தார்கள். எங்கள் வீட்டு போர்வெல்லில் தண்ணீர் மேலே வந்துவிட்டதென்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். என்னிடமும் சொன்னார். அதெல்லாம் சரி, ஓரத்தில் எங்கேயாவது சேறு மிச்சமிருக்கிறதா என்று கேட்டேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

எனக்குச் சேறு வேண்டும். காரணம், ஒரு கொசு உள்ளான். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். சைபீரியாவில் கோடையைக் கழித்துவிட்டு அங்கிருந்து இங்கே வரைக்கும் பறந்து வந்து, பாதம் நனையும் தண்ணீரில் நின்று சேற்றைக் கொத்திப் புழு தின்னும். ஆழத் தண்ணீர் அதற்கு ஆகாது.

போன வருஷம் ஏரி பாதிக்கு மேல் வற்றிக் கிடந்தபோது, அப்படி ஒன்றின் காலில் சின்னப் பிளாஸ்டிக் கொடி ஒன்றைப் பார்த்தேன். யாரோ, எங்கேயோ, அதைப் பிடித்து மூன்று எழுத்துப் போட்ட கொடியை மாட்டிப் பறக்கவிட்டிருக்கிறார்கள். மூன்றையும் படித்து, கொடிக் கணக்கு வைத்திருக்கும் ஆய்வாளர்களுக்கு அனுப்பினால் எந்த ஊரில் மாட்டியது என்று சொல்லிவிடுவார்கள். நான் எடுத்த போட்டோவில் கடைசி எழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. முன்னால் இருந்த இரண்டும் கலங்கிப் போயிருந்தன. அந்தப் பறவை இந்த வருஷமும் நம் பக்கம் வருமா, வந்தால் மூன்று எழுத்தையும் படித்துவிட மாட்டோமா என்பதுதான் வருஷம் முழுக்க என் மண்டைக்குள் ஓடியது.

இந்த ஏரி பறவைகளுக்கென்றே ஒதுக்கியது. பச்சைப் போர்டு இருக்கிறது, பார்வைக் கோபுரம் இருக்கிறது, எந்தப் பறவை எப்போது வரும் என்று படம் போட்ட பலகை இருக்கிறது. பறவைதான் இல்லை. கோபுரத்தின் மேல் கல்யாண ஜோடி ஒன்று போட்டோவுக்கு நின்றது. மூழ்கிய கருவேல மரத்தில் நாலைந்து நீர்க்காகங்கள் சிறகைக் காய வைத்துக்கொண்டிருந்தன. மோகனூர் வரை போய் ஆற்றோரம் பார்த்தேன். ஆறும் கரை தொட்டு ஓடியது. எல்லோருக்கும் கொடுத்த மழை எனக்கு மட்டும் ஒரு முழம் சேற்றை மிச்சம் வைக்கவில்லை.

ராசிபுரம் ரோட்டில் வண்டியில் திரும்பி வரும்போதுதான் அந்த வாடை வந்தது. மரவள்ளிக் கிழங்கு அரைத்த தண்ணீர் புளித்து நாறும் வாடை. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரி ஒன்றின் பின்பக்கம், முள்வேலிக்கு அந்தப் பக்கம், கழிவுநீர் தேங்கிய குட்டை. மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போயிருப்பேன். சிவப்புக் காலோடு பவளக்காலி ஒன்று எழும்பி மறுபடியும் இறங்கியது. வண்டியை ஓரம் கட்டினேன்.

என்னால் நம்பவே முடியவில்லை. உப்புக்கொத்திகள், வரி உள்ளான்கள், ஓரமெல்லாம் கொசு உள்ளான்கள். கோபுரம் கட்டி வைத்த ஏரியை விட்டுவிட்டு இந்த நாற்றத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. அதில் ஒன்றின் காலில் கொடி. அதே நிறம்.

மண்மேட்டில் குப்புறப் படுத்து கேமராவை வேலிக்குள் நுழைத்தேன். முதல் எழுத்து கிடைத்தது. இரண்டாவதும் கிடைத்தது. மூன்றாவதன் மேல் சேறு அப்பியிருந்தது. இன்னும் ரெண்டு எட்டு தண்ணீருக்குள் வைத்தால் கழுவிப் போய்விடும். வை, வை என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க மேடம், பொல்யூசன் போர்டுங்களா?"

வாட்ச்மேன். நான் எழுந்து நின்றதில் இந்தப் பக்கமே காலியாகி எல்லாப் பறவையும் குட்டையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. இல்லை, குருவி பார்க்க வந்தேன் என்றேன்.

"அப்பிடித்தானுங்க சொல்லுவாங்க. போனவாட்டி வந்தவரு மாட்டுக்குத் திப்பி வாங்க வந்தேன்னாரு."

அவர் போன் போட்டார். முதலாளியே வந்துவிட்டார். அரைத்துப் பிழிந்த கிழங்குச் சக்கையான அந்தத் திப்பி காய்ந்துகொண்டிருந்த களத்தைத் தாண்டி என்னை ஆபீசுக்குக் கூட்டிப்போய் ஃபேன் போட்டு உட்கார வைத்தார். காலேஜ் ஐடி கார்டைக் காட்டினேன். அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கார்டெல்லாம் எதுக்குங்க என்று பெருந்தன்மையாகத் திருப்பிக் கொடுத்தார். போட்டோவைக் காட்டி, கொடியைப் பெரிதாக்கிக் காட்டி, சைபீரியா வரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவருக்குச் சந்தேகம் கூடியது. இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு சின்னப் பெண்ணிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்றால் விஷயம் பெரியதுதான் என்று நினைத்திருக்க வேண்டும்.

"பறவைதான் பாக்கோணும்னா நம்ம கோழிப்பண்ணைக்கு வாங்க மேடம். நாப்பதாயிரம் பறவை இருக்குது. ஏசி கார்லயே கூட்டிட்டுப் போறேன்."

குட்டையில் அஞ்சு நிமிஷம் உட்கார்ந்தால் போதும் என்றேன். டீ வந்தது. முறுக்கு வந்தது. வெளியே வந்தபோது வெளிச்சம் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வாங்க, கேட்டைத் திறந்தே விடச் சொல்றேன் என்று என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு அவரே வழியனுப்பினார். நம்பினேன்.

ஞாயிறு காலை கேட் திறந்துதான் இருந்தது. குட்டைதான் இல்லை. ஜேசிபி வைத்து மூடி, செம்மண் கொட்டி, மட்டம் தட்டி, வேப்பங்கன்று நட்டு, ஒவ்வொன்றுக்கும் பச்சை வலை கட்டியிருந்தார்கள். பிளீச்சிங் பவுடர் வாசம் வேறு.

"இப்பத் திருப்திங்களா மேடம்?" என்றார் முதலாளி. முகமெல்லாம் சிரிப்பு.

நியாயமாகப் பார்த்தால் நான் சந்தோஷப்பட வேண்டும். அந்தக் குட்டை இருந்திருக்கவே கூடாத குட்டை. பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் என்னைக் கும்பிட்டாலும் தப்பில்லை. எனக்கு அழுகை வந்தது. கன்றுகள் நன்றாக வரட்டும் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் வணக்கம் வருகிறது, கிளிப் படத்தோடு.

என்னோடு பறவை பார்க்க வரும் தோழியிடம் போனில் புலம்பினேன். அவளுக்கு இது ஒரு பிரச்சினையாகவே படவில்லை.

"இந்த வருசம் மொத ரெண்டு. போன வருசம் கடைசி ஒண்ணு. சேத்து அனுப்பிருடி. யாரு வந்து பாக்கப் போறா?"

சேர்க்கலாம்தான். இரண்டும் ஒரே பறவையாக இருந்தால். ஒரே பறவையா என்பதுதான் என் கேள்வியே. போன வருஷம் வந்தது வேறு, இது வேறு என்றால், உலகத்தில் இல்லாத ஓர் உள்ளானை நான் உண்டாக்கி அனுப்புவேன். இதை அவளிடம் சொன்னதற்கு, நீ கோர்ட்டில் வேலைக்குச் சேர வேண்டியவள் என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். இரண்டு எழுத்தை மட்டும் அனுப்பினேன். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மூன்றாவதும் கிடைத்தால் எழுதுங்கள் என்று மரியாதையாகப் பதில் வந்தது.

மிச்சமிருப்பது ஏரி ஒன்றுதான். பங்குனி பிறந்தால் உள்ளான்கள் வடக்கே கிளம்ப ஆரம்பித்துவிடும். அதற்குள் தண்ணீர் கொஞ்சம் இறங்கி ஒரு கீற்றுச் சேறு தெரிந்தால் அது திரும்பி வரலாம். பொங்கல் முடிந்ததிலிருந்து தினமும் விடியக் கரைக்குப் போய், மதகுக் கல்லில் தண்ணீர் எந்த அளவில் நிற்கிறது என்று பார்க்கிறேன். அசையக் காணோம்.

நேற்று வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச ஒருவர் மண்வெட்டியோடு வந்தார். இது எப்போது இறங்கும் என்று கேட்டேன். சித்திரை வரைக்கும் கவலையே இல்லை என்றார், எனக்கு ஆறுதல் சொல்கிறவர் போல.

"கொஞ்சம் சீக்கிரமா வத்தாதுங்களாண்ணா?"

அவர் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கி, என்னையும் என் பைனாகுலரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏஞ்சாமி, விடிஞ்சதும் விடியாததுமா வாயில ஒரு நல்ல வார்த்தை வராதா?"