புதுக் கம்பளமும் புதுச் செருப்பும்

எண்பதுகளின் தொடக்கம். மதுரை விமான நிலையத்தில், ஒரு விமானக் கம்பெனியின் ஓய்வறையில் வேறு சில பயணிகளோடு மெட்ராஸ் விமானத்துக்காக உட்கார்ந்திருந்தேன். வெள்ளை வேட்டி கட்டிய, கறுத்து மெலிந்த ஒருவர் எங்களைப் போலவே சீட்டைக் காட்டிவிட்டு உள்ளே வந்தார். காலில் பின்வார் வைத்த புத்தம்புதுத் தோல் செருப்பு. ஒவ்வோர் அடியையும் மெதுவாக, அழுத்தி வைத்து நடந்தார். மிடுக்கைப் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சிப்பந்தி ஓடி வந்தார். "பெரியவரே, செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க. புதுக் கம்பளம்."

அவர் எங்கள் கால்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "இவுகளையும் கழட்டச் சொல்லுங்க தம்பி. நானும் கழட்டுறேன்."

"அவங்க போட்டிருக்கது ஷூங்க."

"அதுவும் ரோட்டுல நடந்ததுதான?"

நான் என் ஷூவைச் சோபாவுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

சிப்பந்தி விடவில்லை. பெரியவர் குரலை உயர்த்தாமலே சொன்னார்.

"எங்க ஊர்ல சில தெருவுக்குள்ள போனா இதக் கையில தூக்கிக்கிட்டுப் போகணும்பாக. அங்கயே கழட்டல. இங்கயா கழட்டப் போறேன்?"

சொல்லிவிட்டு என் எதிரில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

விமானப் படியில் எனக்கு முன்னால் ஏறியவர் அவர்தான். அவருடைய குதிகால்கள் என் கண்ணுக்கு நேராக வந்தன. புதுச் செருப்பு கடித்து, இரண்டிலும் தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்த அறையில் கழற்றியிருந்தால் அவருக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த படியிலும் காலை அழுத்தித்தான் வைத்தார்.