மரத்தளமும் மண்ணெண்ணெய்ச் சந்தேகமும்

அடையாற்றில் எங்கள் மொட்டை மாடியில் போட்ட மரத்தளம் ஒரே கோடையில் சாம்பல் நிறமாகிவிட்டது. போன முறை சாயம் பூசியவர் அஞ்சு வருஷம் தாங்கும் என்றிருந்தார். இந்த முறையும் கெட்டால் பலகையையே பெயர்த்துவிடலாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். புது பெயின்டர் மூர்த்தி டின்னைத் திறந்தார். டர்பன்டைன் வாசனை என்னைச் சின்ன வயதில் இருந்த சாந்தோம் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

அங்கே கடலைப் பார்த்த மரப் பால்கனிக்குக் கிறிஸ்துமஸ்தோறும் வார்னிஷ் அடிப்போம். ஈஸ்டர் தாண்டி வெயில் ஏறியதும் அது உரியத் தொடங்கும். "பெயின்டர் மண்ணெண்ணெய் கலந்துட்டான்!" என்பார் அப்பா. பள்ளி ஆசிரியரான அவர் ஒரு வருஷம் தானே டின் வாங்கிவந்தார். பெயின்டர் எதிரில் நாற்காலி போட்டு, பரீட்சை ஹாலில் பிட் அடிப்பவனைப் பார்ப்பதுபோல நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். சாப்பாடுகூட அங்கேயேதான். அப்படியும் உரிந்தது. சந்தேகம் கடைக்காரர் மேல் தாவியது.

"ஊர்ல ஒருத்தரையும் விடலை. அந்த வெயிலையும் உப்புக் காத்தையும் மட்டும் விட்டுட்டீங்களே!" என்றாள் அம்மா.

"எத்தனை வருஷம் நிக்கும்?" என்று மூர்த்தியைக் கேட்டேன்.

"ஃபுல்லா வெயில்ல கீது சார். ஒரு வருஷம். அப்பால மறுபடியும் அடிக்கணும்."

இவ்வளவு குறைவாகச் சொல்கிறாரே, உள்ளே என்ன கலந்திருப்பார்? குனிந்து டின்னுக்குள் மூக்கை விட்டேன்.

"இன்னா சார், மூக்குல சாயம் ஒட்டிக்கிச்சு பாரு," என்றார் மூர்த்தி. "மூக்க நெழல்லயே வச்சிக்கினா ரொம்ப நாளு நிக்கும்."