முழங்கை மடிப்பு

ஜூன் பதினான்காம் நாள் முற்பகல் பதினொன்று இருபதுக்கு அவரை முதன்முதலாகச் சந்தித்தேன். மூன்றாம் நிமிடத்தில் அவருடைய இடப்புருவத்தைக் கிழித்தேன்.

இடம், மருத்துவமனை இரத்த வங்கியின் நடைக்கூடம். அடுத்த வார்டில் என் ஒன்பது வயது மகள் எலும்பு வலியில் அலறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அரிவாள் செல் நோய்: சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைத்துக்கொள்ளும். பலமுறை இரத்தம் ஏற்றியதால், அவளுடல் இப்போது பிறர் இரத்தத்தை எளிதில் ஏற்பதில்லை. பொருந்துபவர்கள் என்று பதிவேட்டில் இருந்தவர்கள் இருவர். ஒருவர் சென்ற மாதம்தான் கொடுத்திருந்தார், மற்றவரைக் காணோம்.

எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு ஒருவர் என் தோளைத் தொட்டார். "பாப்பாவோட அப்பாவா? ரத்த விஷயமா வந்தேன்."

முந்தின வாரம் இதே சொற்களோடு வந்த தரகன் ஒருவன் எங்களை ஏமாற்றிப் போயிருந்தான். கையிலிருந்த எவர்சில்வர் தூக்குவாளியை ஓங்கி அவர் முகத்தில் அடித்தேன்.

பதிவேட்டில் இருந்து காணாமற்போன அந்த மற்றவர் இவர்தான் என்று பிறகே தெரிந்தது. பழைய இரும்புக் கிடங்கில் லாரிகளை உடைப்பவர். ஊரார் வைத்த பெயர் சம்மட்டி. வலக்கை முஷ்டி என் மூக்குக்கு நேரே எழுந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து மகள் அலறினாள். முஷ்டி இறங்கிற்று.

காவலாளி ஓடிவந்தார். "யாருய்யா அடிச்சது?"

"படியில விழுந்துட்டேன்."

"இங்க ஏதுய்யா படி?"

"அது தெரியாமத்தானே விழுந்தேன்!"

செவிலியர் தலையில் கைவைத்தார். "இந்தக் கோலத்துல எப்படிங்க ரத்தம் எடுக்கிறது?"

"பாதி கீழ கொட்டிருச்சு. மீதியையாவது எடும்மா."

தையல் ஊசி ஏறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றஞ்சி, துணியால் காயத்தை அழுத்தியபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மருத்துவர் சோதித்து, அரை மனதோடு ஒப்பினார். கொடுத்து முடித்த பின்பே தைத்துக்கொண்டார். வெளியேறும்போது என் காலரைப் பற்றினார். "உனக்கு ஒரு அடி பாக்கி, தம்பி. பாப்பாவுக்கு நான் வேணும்கிற வரைக்கும் உன்மேல கை வைக்க மாட்டேன். அப்புறம் வாங்கிக்க."

பதிவேட்டிலிருந்த இன்னொருவர் வயதாகி நின்றுவிட்டார். இவர் ஆறாண்டுகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்தார். கிடங்கில் அவரோடு பகைகொண்ட வெல்டர் ஒருவன் அந்தத் தேதிகளைத் தெரிந்துகொண்டான். கையில் காயம்பட்டால் இரத்தம் எடுக்க மாட்டார்கள் என்று, தேதி நெருங்கினால் சம்மட்டி திருப்பி அடிக்க மாட்டார். ஒருநாள் நானே கண்டேன். வெல்டர் பூட்ஸ் காலால் விலாவில் மிதித்தான். "எந்திரிச்சு அடிடா, கறவை மாடே!" அவர் சுருண்டு கிடந்தார். ஊசி ஏறும் முழங்கை மடிப்புகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டார், முகத்தைக் காக்கவில்லை.

நான்காம் நாள் இரத்தம் கொடுத்தார்.

"நாளை வரைக்கும் கனமா எதையும் தூக்கக் கூடாது" என்றார் செவிலியர்.

"ஒரு ஆளைத் தூக்கிப் போடணும். நாளை மறுநாள்னா பரவால்லையா?"

வெல்டரின் தாடை இரண்டு இடத்தில் உடைந்தது.

ஏழாம் ஆண்டு கிரேன் சங்கிலி அறுந்து, எஞ்சின் ஒன்று அவருடைய வலக்கையை நசுக்கிற்று. மணிக்கட்டுக்கு மேல் வெட்டினார்கள். நான்கு பை இரத்தம் அவருக்கே ஏற்றினார்கள். ஏற்றிக்கொண்டவர் ஓராண்டுக்குக் கொடுக்கலாகாது. கண்விழித்ததும் அவர் கையைப் பார்க்கவில்லை.

"பாப்பாவுக்கு இனி யாரு?"



தையல் பிரித்த அன்றே தொடங்கினார். கிடங்கு கிடங்காகப் புகுந்து, இடக்கையால் ஆட்களின் கழுத்தைப் பிடித்துச் சோதனைக்கு இழுத்து வந்தார். மறுத்தவனை மண்டையால் முட்டினார். வெல்டரும் வந்தான்.

"முழு மனசோடதான் வந்திருக்கீங்களா?" என்று செவிலியர் கேட்டார்.

"கழுத்தை விடச் சொல்லுங்க சிஸ்டர், மனசு தானா வரும்" என்றான்.

செவிலியர் சம்மட்டியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். பத்துப் பேர் ஓடிவிட்டார்கள். மற்றவர்கள் தாமே கை நீட்டினார்கள். முப்பத்தொன்றாவது ஆளான டயர் ஒட்டுபவரின் இரத்தம் பொருந்திற்று.

டயர்காரர் கொடுத்த அன்று, சம்மட்டியின் முன் முகத்தை நீட்டி நின்றேன். "அண்ணே, பாப்பாவுக்கு ஆள் கிடைச்சாச்சு. அந்த அடியைக் கொடுத்துடுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒருத்தன் எப்படிப் போதும்? அவனுக்குக் காய்ச்சல் வந்தா? இன்னும் ஒருத்தன் வேணும், இரு" என்று சொல்லி மறுபடியும் கிடங்குக்குப் புறப்பட்டார்.

பிறகு இருவர் கிடைத்தார்கள். அப்போதும் இன்னும் ஒருத்தன் என்றார். சாகும்வரை அதையே சொன்னார். அந்த அடி என் முகத்தில் விழவேயில்லை.