வெள்ளிக்கிழமைக் கார்

வெயிலேறிய "ரெக்சின்" சீட்டின் மணம் மூக்கோடு நிற்பதில்லை, நாக்கின் அடிவரை போய் இனிப்பும் கசப்புமாக ஒட்டிக்கொள்ளும். அரைக் காற்சட்டை போட்ட பொடியன் ஒரு மணித்தியாலம் அதில் இருந்துவிட்டு எழும்பினால் தொடைத்தோலும் சீட்டும் பிரிய மனமில்லாமல் "சர்" என்று ஒரு சத்தம் போடும். என் இளமைக்காலத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் கேட்பது அந்தச் சத்தம்தான். மற்றவர்களுக்கு ஊர் வரும், குளம் வரும், கோயில் தேர் வரும். எனக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு தெருவோரம் நிறுத்திவைத்த கோர்ட்டினா காரின் பின் சீட் வரும்.

இதை எழுதுகிறவன் படித்தவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு பிழை பிடிக்க வேண்டாம். பத்து வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து, பதினாறு வயதில் ஒரு பாடத்திலும் பாஸ் இல்லாமல் பள்ளிக்கூடத்தை விட்டு இறங்கியவன் நான். ஆனால் இன்றைக்கு பார்க்கிங்கில் இரண்டு, வால்தம்ஸ்டோவில் ஒன்று என்று மூன்று கராஜ் என் பெயரில் ஓடுகின்றன, ஒருத்தருடைய தயவும் இல்லாமல். பெரிய பட்டம் எடுத்தவர்களெல்லாம் காரைக் கொண்டுவந்து விட்டு, "அண்ணை, என்னவோ சத்தம் கேக்குது, ஒருக்காப் பாருங்கோ" என்று என் முன்னால் நிற்பார்கள். நான் பொனற்றைத் திறக்க மாட்டேன். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டே என்ன பிழை என்று சொல்லுவேன். இந்த வித்தையை எனக்கு எந்த வாத்தியாரும் படிப்பிக்கவில்லை. தனியாக இருந்து படித்தது. அந்தத் தனிமையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அப்பா டகன்ஹாமில், தேம்ஸ் ஆற்றங்கரையில் இருந்த அமெரிக்கக் கம்பனியின் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே யாரும் கார் செய்வதில்லை. ஒவ்வொருவரும் ஒரு துண்டைத்தான் செய்வார்கள். அப்பாவின் துண்டு, இடப்பக்க முன் சீட். நிற்காமல் நகர்ந்துகொண்டே வரும் வரிசையில் தனக்கு முன்னால் வருகிற ஒவ்வொரு காருக்குள்ளும் சீட்டைத் தூக்கி வைத்து, நாலு போல்ட்டை இறுக்கி, முதுகை நிமிர்த்த முதல் அடுத்தது வந்துவிடும். அவருக்கு எதிர்ப்பக்கம் நின்று டிரைவர் சீட்டைப் பூட்டியவர் லெஸ்லி என்ற வெள்ளைக்காரர், பெருத்த வயிறும் பெருத்த சிரிப்புமாக இருப்பார். அம்மா எங்களோடு வரவில்லை. அவருடைய தகப்பன் பாரிசவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தார், அவரைப் பார்க்க வேறு ஆள் இல்லை. "ஒரு ஆறு மாதம் பொறுங்கோ, வாறன்" என்று சொல்லித்தான் எங்களை அனுப்பினார்.

அம்மா வரும்போது விமான நிலையத்திலிருந்து சொந்தக் காரில் கூட்டி வர வேண்டும் என்பது அப்பாவின் பிடிவாதம். தொழிலாளிகளுக்குக் கம்பனி விலை குறைத்துக் கொடுக்கும். அதைக் கேள்விப்பட்ட லெஸ்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அறைக்குக் கறி சாப்பிட வந்தபோது, கையில் விரலெல்லாம் மஞ்சளாக, அப்பாவுக்குப் புத்தி சொன்னார்: எந்த நாளில் செய்த காரையும் வாங்கு, வெள்ளிக்கிழமை செய்ததை மட்டும் வாங்காதே, அன்றைக்குச் சம்பளம் கையில், மனம் "பப்"பில், பாதி போல்ட் பாதிதான் இறுகும். இது அங்கே வேலை செய்த எல்லோருக்கும் பாடமான கதை. அப்பாவும் சிரித்தார். லெஸ்லி போன பிறகு என்னைப் பார்த்து, "விசரன். வெள்ளிக்கிழமையைப் போய் கூடாத நாள் எண்டு சொல்லுறான்" என்றார்.

அடுத்த நாள் ஒபிசுக்குப் போய், தனக்கு வெள்ளிக்கிழமை செய்த கார்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதோடு விட்டாரா? பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் ராகுகாலம், அந்த நேரத்தில் வரிசையில் ஏறிய கார் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். ராகு யார் என்பதை அந்தக் கிளாக்கருக்கு என்ன இங்கிலீசில் விளக்கினாரோ எனக்குத் தெரியாது. கடைசியில் அந்த மனிதர் எழுதிக்கொண்டது "வெள்ளி, மத்தியானத்துக்குப் பிறகு" என்று. லெஸ்லி பயந்த நேரமே அதுதான். தொழிற்சாலை முழுக்கக் கதை பரவி, சாப்பாட்டு நேரத்தில் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்களாம்.

கார் வந்தது. மஞ்சளுமில்லாத பொன்னுமில்லாத ஒரு நிறம், இடுப்பு வளைந்த கோர்ட்டினா. தேசிக்காய் கிடைக்காததால் மரக்கறிக் கடையில் பெரிய மஞ்சள் எலுமிச்சை நாலு வாங்கி நாலு சில்லுக்கும் கீழே வைத்து அப்பா காரை உருட்ட, பக்கத்து வீட்டுக் கிழவி கதவைத் திறந்து, பழம் விழுந்துவிட்டது, கவனம் என்று கத்தினார். நான் முன்னால் ஏறப் போனேன்.

"டேய், உது அம்மான்ரை இடம். நீ பின்னாலை ஏறு."

சீட்டுக்குப் போட்டு வந்த பொலித்தீன் உறையைக்கூட அவர் கழற்ற விடவில்லை. "நான் கையாலை பூட்டின சீட்டா இருக்கும். அவதான் முதல் இருக்க வேணும்" என்று சொல்லி இடப்பக்க முன் கதவைப் பூட்டினார். அந்தக் கதவு பிறகு திறக்கப்படவில்லை. ஆறு மாதம் என்றது மூன்று குளிர்காலமாகியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ட்ரெதமில் தெரிந்த ஒரு குடும்பத்திடம் போவோம், அப்பா முன்னால், நான் பின்னால், நடுவில் பொலித்தீன் போட்ட சீட். அப்பா பேச மாட்டார். முதுகைப் பார்த்துக்கொண்டு நான் எதைப் பேச? பள்ளிக்கூட வாசலில் என்னை இறக்கிவிடும்போது பொடியங்கள் ஓடி வந்து, எவ்வளவு காசு கொடுத்தாய், மிச்சம் வாங்கினாயா என்று கேட்டு அப்பாவை டாக்சிக்காரன் ஆக்குவார்கள். அது என் அப்பா என்று நான் சொன்னதில்லை. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

அப்பாவுக்கு ஒரு கிழமை பகல், ஒரு கிழமை "நைட்". நைட் கிழமைகளில் அவர் பகலில் நித்திரை கொள்ளுவார். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. பள்ளிக்கூடம் விட்டு வந்து சத்தமில்லாமல் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, காரின் பின் சீட்டில் ஏறி இருப்பேன், அவர் எழும்பும் வரைக்கும் மூன்று மணித்தியாலம். வாசிக்க அந்தக் காருக்குள் இருந்தது, தொழிலாளிகளுக்குக் கம்பனி கொடுத்த சரித்திரப் புத்தகம் ஒன்றுதான். வகுப்பில் ஒரு வரி வாசிக்க வியர்க்கிற நான், அந்தப் புத்தகத்தை எழுத்தெழுத்தாகக் கடித்துத் தின்றேன். அமெரிக்காவில் ஒரு கமக்காரனின் மகன், வயல்வேலை செய்யப் பிடிக்காமல் இயந்திரத்தோடு மினக்கெட்டு, தொடங்கிய கம்பனிகளில் இருந்து இரண்டு தரம் வெளியேறி, மூன்றாம் தரம் எழும்பினான். பணக்காரன் மட்டும் ஏறிய காரைச் சாதாரண ஆளும் வாங்கக்கூடிய விலைக்குக் கொண்டுவந்தான். கனகாலம் கறுப்பு நிறத்தைத் தவிர வேறு நிறமே போடவில்லை. ஆட்கள் காரைச் சுற்றி ஓடாமல் ஆட்களிடம் கார் வரட்டும் என்று அதைக் கயிறு கட்டி இழுத்ததில் இருந்துதான் அப்பா நின்ற அந்த வரிசை பிறந்தது. அந்த வேலையின் அலுப்புத் தாங்காமல் ஆட்கள் விட்டு ஓட, சம்பளத்தை இரட்டிப்பாக்கிப் பிடித்து வைத்தான். பிறகு இங்கிலாந்து, முதலில் மான்செஸ்டர், அதற்குப் பிறகு டகன்ஹாம்; சேற்று நிலத்தில் தூண்களை இறக்கி, சொந்தத் துறைமுகம், சொந்த இரும்பு உலை, சொந்த மின்சாரம். அங்கே முதலில் உருண்டு வெளியே வந்தது காரல்ல, லொறி. பிரிபெக்ட், ஆங்கிலியா, கோர்ட்டினா என்று ஒவ்வொரு மொடலின் பெயரும் எனக்கு நண்பர்களின் பெயர் மாதிரி. வேறு நண்பர்கள் இல்லை.

புத்தகம் முடிந்தால் காரை வாசிப்பேன். எந்தக் கண்ணாடி எந்தச் சத்தத்தோடு இறங்கும், எந்தக் கதவு எப்படி மூடும் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். மூன்றாவது குளிர்காலம் முடியும்போது ஒருநாள் முன்னால் எட்டி, அம்மாவின் கதவின் கைபிடியை உள்ளிருந்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. வெளியே வந்து பூட்டுக்குள் திறப்பைப் போட்டேன், திரும்பவில்லை. தெருவில் கொட்டுகிற உப்பும் மழையும் பூட்டுக்குள் போய், பாவிக்காமல் கிடந்து, இறுகிப் போயிருந்தது. நான் என் வாழ்க்கையில் கண்டுபிடித்த முதல் பிழை அது. பதின்மூன்று வயது. அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்லிப் பெருமை அடிக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் அவர் நித்திரை.

அந்த வசந்தத்தில் அம்மாவின் தகப்பன் கண்ணை மூடினார். காரியங்கள் முடிந்து, அம்மா வருகிற நாள் கடிதத்தில் வந்தது. அப்பா காரைக் கழுவோ கழுவென்று கழுவினார். வெளியே அவர், உள்ளே நான். டிரைவர் பக்கத்தால் ஏறிப் பொலித்தீனை உரித்து எடுத்தேன். "தம்பி, கதவுகளுக்கும் ஒயில் விடு, அம்மா ஏறேக்கை கிரீச்சிடக் கூடாது" என்று ஒயில் போத்தலைத் தந்துவிட்டு அப்பா தலைமயிர் வெட்டப் போனார். மூன்று கதவுக்கு ஒயில் விட்டேன். நாலாவதுக்கு விடவில்லை.

ஏன் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். அம்மா முன்னால் ஏறினால் வழி முழுக்க அவரின் கொண்டையைத்தான் நான் பார்த்துக்கொண்டு வரவேண்டும்.

விமான நிலையத்தில் சீலைக்கு மேலே யாருடையதோ கோட்டைப் போட்டுக்கொண்டு வந்த அம்மா என்னைத் தாண்டிப் போய்விட்டார், ஆள் மட்டுப்படவில்லை. அப்பா கூப்பிட்டதும் திரும்பி, "ஐயோ, இது என்ரை பிள்ளையே" என்று பிடித்த பிடி இன்னும் தோளில் இருக்கிறது. கார் நிறுத்திய இடத்தில் அப்பா திறப்பை எடுத்து, கதவடியில் நின்று, ஒத்திகை பார்த்து வைத்திருந்த மாதிரிச் சொன்னார்: "இஞ்சாரும், இதுதான் உம்மடை இடம். மூண்டு வருசமா ஒருத்தரையும் இருக்க விடேல்லை."

திறப்பு திரும்பவில்லை. இன்னொருக்கால் போட்டார். அடித்தார். சுற்றி ஓடி உள்ளே ஏறி இழுத்தார். புதிதாக மயிர் வெட்டிய தலையின் பின்பக்கம் சிவந்து வியர்த்தது.

"விடுங்கோப்பா, பறவாயில்லை."

"இல்லை, இந்தப் பக்கத்தாலை ஏறி, கியரைத் தாண்டி அங்காலை இரும்."

"சீலையோடை உந்தத் தடியைத் தாண்ட ஏலுமே? விசர்க்கதை கதையாதேங்கோ. நான் பிள்ளையோடை இருக்கிறன்."

வழி முழுக்க அம்மா என் கையை விடவில்லை. அவர் மடியில் சாய்ந்து, பயணக் கசங்கலும் விபூதியும் கலந்த மணத்தில், மூன்று வருடத்தில் முதல்முறையாக எனக்கு ஒருத்தர் பக்கத்தில் இருந்தார். ஒரு சிவப்பு லைட்டில் தலையைத் தூக்கினேன். கண்ணாடியில் அப்பாவின் கண் தெரிந்தது. "வெள்ளிக்கிழமை எண்டு அவன் அப்பவே சொன்னவன்" என்றார், எங்களுக்கு இல்லை, ரோட்டுக்கு.

திங்கட்கிழமை லெஸ்லிக்குச் சொன்னாராம், வரிசையே சிரித்ததாம். மாதம் முடிவதற்கு முன்னமே காரை விற்றார். வாங்குகிற மனிதர் வந்தபோது அப்பா ஷிப்டில் நின்றார், திறப்பைக் கொடுத்தவன் நான். அந்த ஆள் பூட்டுக்குள் கொஞ்சம் ஒயிலைப் பீச்சி, இரண்டு தரம் அசைத்துக் கதவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் அப்பாவுக்குச் சொல்லவில்லை. அப்பா பிறகு கார் வாங்கவே இல்லை. நான் முதல் கராஜைத் திறந்து, நல்லதொரு காரை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, ஏறுங்கோ என்றபோதும், "பஸ் வரும் தம்பி" என்றார். இப்போது அவர் இல்லை.

போன மாதம் அம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, ஏன் வாயில் வந்ததோ தெரியாது, எல்லாவற்றையும் சொன்னேன். தொண்ணூறை எட்டப் போகிற மனுசி, சிரித்துத் தலையைத் தடவுவார் என்று எதிர்பார்த்தேன், உண்மை அதுதான். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கிளினிக் வாசலில் இறங்கும்போது சொன்னார்:

"அந்த மனுசன் பத்தொன்பது வருசம் பஸ்ஸிலை போனது."

அடுத்த நாள் காலை என் காரைக் கராஜில் விட்டுவிட்டு, அப்பா ஏறிய தரிப்பிடத்தில், டகன்ஹாம் தொழிற்சாலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். காசை நீட்டினேன், டிரைவர் பெடியன் சிரித்து, இப்போது காசு எடுப்பதில்லை அங்கிள், கார்டைத் தட்டுங்கள் என்றான். காரில் பத்து நிமிடத்தில் போகிற தூரம் அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. ஒரு காலத்தில் ஷிப்ட் மாறும்போது நிற்க இடமில்லாமல் போன பஸ், மேல்தட்டில் நான் ஒருவன். இப்போது அங்கே என்ஜின் மட்டும் செய்கிறார்கள். கார் செய்கிற வரிசை நின்று எத்தனையோ வருடமாயிற்று. வேலி தெரிகிறது, காற்றாலைகள் சுற்றுகின்றன, அந்தப் பக்கம் புது வீடு கட்டுவதற்கு நிலத்தைக் கிளறி வைத்திருக்கிறார்கள். சீட் பூட்டிய இடம் எது என்று கேட்க ஆளில்லை.

இறங்கி ரோட்டைக் கடந்து, திரும்பிப் போகிற பக்கம் வந்து நின்றேன். அடுத்த பஸ் பதினெட்டு நிமிடம் என்று பலகை காட்டியது. போன் எடுத்தால் கராஜில் இருந்து யாராவது ஐந்து நிமிடத்தில் வந்து ஏற்றுவார்கள். நான் எடுக்கவில்லை. மழை தூறத் தொடங்கியது.