துரைசாமி ஐயாவின் துருப்பு

பென்ஷன்காரர்கள் கிளப்பில் பட்லர் வேலை என்றால் டீ கொடுப்பது கால் பங்கு, ஞாபகப்படுத்துவது முக்கால் பங்கு. வயதானவர்களோடு காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

வல்லாரைத் துவையல்

பெங்களூர் பிரேசர் டவுனில் எங்கள் கிளப். மூளையைச் சும்மா வைத்தால் துருப்பிடிக்கும் என்று டாக்டர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து மெம்பர்களுக்கு அதே கவலை. ஓவர்சீயராக இருந்து ரிட்டயரான முதலியார், கன்னடக்காரக் கூடைக்காரியிடம் வல்லாரை வாங்கித் தருவார். நான் துவையல் அரைத்துப் போட வேண்டும். ஒருநாள் தின்று முடித்த கையோடு மறுபடி கேட்டார். இப்போதுதானே சாப்பிட்டீர்கள் என்றேன்.

"சாப்ட்டதே மறந்துபோச்சா? அப்ப இன்னும் ரெண்டு கரண்டி போடுப்பா மாணிக்கம்!"

துருப்பு

முதலியாருடையது சாதாரண மறதி. போஸ்ட் மாஸ்டராக இருந்த துரைசாமி ஐயாவுடையது வேறு. சீட்டாட்டத்தில் எது துருப்பு என்று ஒவ்வொரு கைக்கும் கேட்பார். அவர் மகன் கறாரான ஆள். புத்தி தெளிவாக இருக்கும்வரைதான் கிளப், பிசகினால் வீட்டில் பூட்டி வைப்பேன் என்று எங்களிடமே சொல்லியிருந்தான்.

ஒரு சாயங்காலம் சோதனை போடுகிறவன்போல அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். டீ டம்ளரோடு நான் மேஜைக்குப் பக்கத்தில் போனேன். மூன்றாவது ஆட்டக்காரர் டேனியல், பழைய ஹெட்மாஸ்டர். "மாணிக்கம், ஆர்ட்டின் துருப்பா இருக்கறப்ப குறுக்கே வராதேப்பா!" என்று என்மேல் எரிந்து விழுந்தார். துரைசாமி ஐயா சரியான சீட்டைப் போட்டார். மகன் போனதும் டேனியல் அவர் தோளைத் தட்டினார்.

"நாளைக்கு எனக்கு மறந்தா நீ சொல்லணும்டா துரை."

கோலார்

அப்படியொரு நாளை வரும்வரை டேனியல் இருக்கவில்லை. காய்ச்சலில் போய்விட்டார். கல்லறையில் துரைசாமி ஐயாவும் ஒரு பிடி மண் போட்டார். அடுத்த வாரமே, "டேனியல் எங்கே?" என்றார். முதலியார் உண்மையைச் சொன்னார். அப்போதுதான் கேள்விப்படுகிறவர்போல அழுதார். மறுநாளும் அதே கேள்வி, அதே அழுகை. பார்க்க முடியவில்லை. மகளைப் பார்க்கக் கோலார் போயிருக்கிறார் என்று சொல்ல ஆரம்பித்தோம்.

கொஞ்ச நாள் கழித்து, தனியாக இருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தானேப்பா மண்ணு போட்டேன்? நேத்து நீங்க சொன்ன பொய் இன்னும் ஞாபகத்துல நிக்குதான்னு பாக்கத்தான் தினமும் கேக்கறேன்."

மூன்றாவது நாற்காலி

இரண்டு பேர் ஆடும் சீட்டில் சுவாரசியம் இல்லை என்று முதலியார் என்னை டேனியல் நாற்காலியில் உட்காரச் சொன்னார். மெம்பர்கள் முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லாதவன், கூசிக்கொண்டே உட்கார்ந்தேன். அன்று மகனே அப்பாவைக் கொண்டுவந்து விட்டான். உள்ளே வந்த துரைசாமி ஐயா என்னைப் பார்த்தார். அப்படியொரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை. "டேய் டேனியல்! கோலார்லேர்ந்து எப்படா வந்தே?" என்று கட்டிக்கொண்டார்.

முதலியார் தலையைக் குனிந்துகொண்டார். "காலையிலதான் வந்தேன், துரை" என்றேன். ஒரு கை ஆடினோம். துருப்பு என்னவென்று அவர் கேட்கவே இல்லை, என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற மகன் வந்து அவர் கையிலிருந்த சீட்டை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு முதலியாரிடம் சொன்னான்.

"உங்க டேனியல்கிட்டயும் சொல்லிடுங்க, நாளையிலேர்ந்து அப்பா வரமாட்டார்."

அத்தனை வருஷம் டீ கொடுத்த கிளப்பில் நான் மெம்பராக உட்கார்ந்தது அந்த ஓர் ஆட்டம்தான், அதிலும் தோற்றுப்போனோம்.